கோல்கீப்பருக்கு நிச்சயதார்த்தம்

வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்த தாம்பாளத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றார் ஒரு பர்மியக் கால்பந்துப் பயிற்சியாளர். எதிரே இன்னொரு தாம்பாளத்துடன் அம்மா. நடுவில் என் அண்ணன், சிரிப்பை அடக்க முடியாமல். ரங்கூன் என்கிற யாங்கோனில் எத்தனையோ நிச்சயதார்த்தங்களுக்குப் போயிருக்கிறேன். கோல்கீப்பருக்கு நடந்து பார்த்தது அது ஒன்றுதான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது பெரிய அணிகள் எல்லாம் அரசுத் துறைகளுடையவை. அணியில் இடம் கிடைத்தால் அந்தத் துறையிலேயே வேலையும் கிடைக்கும். இந்தியாவிலிருந்து துறைமுகக் கூலியாக வந்தவரின் பேரனான அண்ணனுக்கு அது லேசில் கிடைக்கிற காரியமில்லை. ஆனால் ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்குவது மழை ஓய்ந்தபின் ஒரே ஒரு வாரம்தான். அதுவரைக்கும் எல்லாம் வாய்ப்பேச்சு. பள்ளிப் படிப்பை முடித்திருந்த அண்ணனைத் தேடி மூன்று துறைக்காரர்கள் சாயங்காலமானால் வந்துவிடுவார்கள். ஒருவர் பூட்ஸ் கொண்டுவருவார், இன்னொருவர் புது லுங்கி. அண்ணனுக்கோ யார் முகத்துக்கு நேராகவும் மாட்டேன் என்று சொல்ல வராது. மூன்று பேருக்கும் தலையாட்டிவிட்டு, படுத்தால் தூக்கம் வராமல் புரள்வான். சில பையன்களை, மற்ற அணிகளின் கண்ணில் படாமல், ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் ஒளித்து வைத்து, கையெழுத்து நாளன்றுதான் கூட்டி வருவார்கள் என்றும் கேள்விப்பட்டோம்.

மூவரில் அண்ணனுக்குப் பிடித்தவர் சயா. சயா என்றால் பர்மியத்தில் ஆசிரியர், பயிற்சியாளரையும் அப்படித்தான் அழைப்பார்கள். ஒரு நாள் அம்மா அவரிடமே கேட்டுவிட்டாள்.

"பொண்ணு புடிச்சிருந்தா தட்டு மாத்திக்கிறோம். கல்யாணம் ஆறு மாசம் கழிச்சு நடந்தாலும், அதுக்கப்புறம் வேற எவனும் நம்ம வாசப்படி ஏற மாட்டான். இந்தப் பந்துக்காரங்களுக்கு மட்டும் ஏன் அப்படி ஒண்ணு இல்ல?"

நான்தான் பர்மியத்தில் சொன்னேன். சயா சற்று யோசித்துவிட்டு, செய்துவிடலாம் என்றார். அண்ணனுக்குக் குறும்பு. "அப்ப நாம பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?"

"வீட்ட விட்டுப் போறது நீதானடா? நாமதான் பொண்ணு வீடு," என்றாள் அம்மா.

தெருவைக் கூட்டி வைத்துத் தட்டு மாற்றினாள். மறுநாள் வந்த மற்ற இருவருக்கும் அந்தத் தட்டு வாழைப்பழத்தையே கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். பூட்ஸும் லுங்கியும் அவர்களோடு திரும்பிப் போயின. அண்ணன் அன்று நன்றாகத் தூங்கினான்.

மழைக்காலத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்தில், சேற்றில் விழுந்து அவனுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. கோல்கீப்பருக்குக் கைதானே எல்லாம்? மற்ற இரண்டு அணிகளையும் நாங்களே அனுப்பிவிட்டோம். சயாவின் கையில் இருந்தது வெற்றிலை பாக்கு மட்டும்தான். துறையின் மேலதிகாரி வேறு ஆளை எடுக்கச் சொல்கிறார் என்ற பேச்சும் காதில் விழுந்தது. ஆனால் கையெழுத்து வாரத்தில் சயா தாமே வந்து, கட்டுப்போட்ட கையோடு அண்ணனைப் பஸ்ஸில் கூட்டிப் போனார். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். "நான் அந்த வீட்டில் தட்டு வாங்கியவன்" என்று ஆபீசில் சயா பிடிவாதமாக நின்றாராம். அம்மா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அண்ணன் இன்றும் அதே துறையில்தான் இருக்கிறான்.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. தட்டு மாற்றுவதென்றால் என்னவென்றே தெரியாத மனிதர் ஏன் அதற்கு அவ்வளவு கட்டுப்பட்டார்? இப்போது கிளப்புகளின் லீக் வந்துவிட்டது. அதில் சின்னப் பையன்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்குகிறார்கள். அது பாவம் என்கிறான் அண்ணன். வாங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அந்தச் சண்டையைத் தீர்த்துக்கொள்ளப் போன மாதம், ஓய்வு பெற்றுத் தன்லியினில் இருக்கும் சயாவைப் பார்க்கப் போனேன். என் கேள்வியைக் கேட்டதும் அவர் முகத்தில் பெருமை எதுவும் தெரியவில்லை.

"அந்த வருஷம் நான் இரண்டு கோல்கீப்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்வோம். ஒருவனுக்கு அடிபட்டால் இன்னொருவன் வேண்டுமே. மற்றவன் ஷ்வேப்யிதா பகுதிப் பையன். உன் அண்ணனைவிட நல்ல கை. ஆனால் உங்கள் தெரு முழுக்க என்னைப் பார்த்திருந்தது. அவன் வீட்டில் என்னை யார் பார்த்தார்கள்?"

அவனிடம் எப்போது சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கடைசி நாள். உன் அண்ணன் கையெழுத்துப் போட்ட பிறகு போனேன். அவனுடைய அம்மா டீ கொடுத்தாள்."

"அப்புறம் அவன் யாருக்கு ஆடினான்?"

"யாருக்கு ஆடுவான், மகளே? கையெழுத்து வாரம் முடிந்துவிட்டதே."