மலரில் விட்டுப்போன பதினாறு பேர்

கில்பர்ட், தம்போய் என்ற ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் இருபது வருடமாக அமெரிக்க வரலாறு நடத்துகிறார். ஒரு விஷயத்தை வகுப்பில் அடித்துச் சொல்வார். அரசியலமைப்பை எழுத உட்கார்ந்த ஐம்பத்தைந்து பேரில் பெரும்பாலோர் நிலக்காரர்கள், வக்கீல்கள், வியாபாரிகள். விடுதலைப் போரில் சண்டையிட்ட ஏழைக் குடியானவனுக்கு அந்தக் கூடத்தில் இடமில்லை. "காகிதம் யார் கையில இருந்துச்சோ அவங்கதான் நாட்டை உண்டாக்கினாங்கன்னு புத்தகம் சொல்லும். நம்பிடாதீங்க."

சிகாமட் பக்கம் அவர் பிறந்த ரப்பர் தோட்டத்து மாதா கோவிலுக்கு அறுபதாம் ஆண்டு வந்தது. சிறப்பு மலருக்கு அவரையே வரலாறு எழுதச் சொன்னார்கள். அவருடைய அப்பா அந்தத் தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுபவர். துரையிடம் பேசிக் கோவிலுக்கு நிலம் வாங்கியவர். அதற்கு எழுதிய கடிதங்களெல்லாம் வீட்டில் பத்திரமாக இருந்தன. 'கிராணி அந்தோணிசாமி எழுப்பிய ஆலயம்' என்று ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

விழாவன்று பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சூசையம்மாள் மலரோடு வந்து நின்றாள். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த குடும்பத்துப் பெண், வயது அறுபத்தெட்டு.

"சார், எங்கப்பா பேரு எந்தப் பக்கத்துல இருக்கு? ரெண்டு தடவ பாத்துட்டேன்."

கில்பர்ட் சோற்றிலிருந்து கையை எடுத்தார். மலருக்காக அவரே இந்த அம்மாளுக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் கேட்டிருந்தார். பதினாறு பேர் தோட்ட வேலை முடிந்து கோவில் கட்ட ஆற்றிலிருந்து மணல் சுமந்தது, அவளுடைய அப்பா கூரையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தது, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு 'ஆதாரம் இல்லை' என்று அவராகவே அடித்துவிட்டார்.

"இடம் பத்தலக்கா."

"சரி சார். பெரியவங்களப் பத்தித்தானே மொதல்ல எழுதணும்."

குத்திக்காட்டவில்லை. நம்பித்தான் சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது. அந்த வாரம் வகுப்பில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனார்.

"இடம் இருந்துச்சுக்கா. எங்கப்பாவ பெரிசாக் காட்டணும்னு அந்தப் பேருங்கள நான்தான் எடுத்துட்டேன்."

"எங்கப்பா பதினோரு வருசம் படுக்கையில கெடந்தாரு சார்," என்றாள். அவர் குறிப்பேட்டைத் திறந்தார். பிறகு அவளே ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினாள்.

மலரை மறுபடி அச்சடிக்க விழாக் குழுத் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "முடிஞ்சத எதுக்குக் கிளறணும்லா?" கில்பர்ட் அந்தப் பெயர்களை ஒற்றைத் தாளாக அடித்து, ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று கொடுத்தார். சிலர் அதை மடித்து விசிறிக்கொண்டே போனார்கள்.

சூசையம்மாள் வரிமேல் விரல் வைத்துக் கடைசிவரை படித்தாள்.

"வேலாயுதத்த விட்டுட்டீங்களே சார். அவரு இந்துதான், ஆனா அவரும் மணல் சொமந்தாரு. சொன்னேனே."

சொல்லியிருந்தாள். மாதா கோவிலுக்கு எதற்கு அந்தப் பெயர் என்று கை தானாகவே தாண்டிவிட்டிருந்தது. கில்பர்ட் பேனாவை எடுத்து, கையில் மிச்சமிருந்த தாள்களில் ஒவ்வொன்றாக அந்தப் பெயரை எழுதினார். முக்கால்வாசித் தாள்கள் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருந்தன.