சிவப்புக் கயிறு கட்டிய மூட்டைகள்

அந்தத் தீபாவளிக்கு மாமா ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டபோது, உங்கள் அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். காரணம் நான்தான். சொல்கிறேன்.

அப்போது சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, குடிகாட்டுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பழைய டிவிப் பெட்டிகளை அரைத்து, உருக்கி, கறுப்புக் குருணையாக்கி விற்பார்கள். லேபில் எனக்கு வேலை வாங்கித் தந்தவர் அம்மாவின் அண்ணன், உங்கள் மாமா. அங்கே மேனேஜரும் அவர்தான்.

டிவிப் பெட்டி சட்டென்று தீப்பிடிக்காமலிருக்க ஒரு மருந்து கலப்பார்கள். அதில் சில வகை உடம்புக்கு ஆகாது என்று வெளிநாட்டில் தடை செய்துவிட்டார்கள். அதைப் பார்க்கத்தான் லேபில் ஒரு மிஷின். கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் குருணைமேல் விட்டு, கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டும். மருந்து இருந்தால் குறிப்பிட்ட ஓர் இடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். அது தீர்ப்பு இல்லை, சந்தேகம்தான். கோடு சரியாக இருந்தால் மூட்டைக்குப் பச்சைக் கயிறு. சந்தேகம் வந்தால் சிவப்புக் கயிறு கட்டி, சென்னையில் பெரிய லேபுக்குச் சாம்பிள் அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை சரக்கு நகராது.

ஆயுத பூஜை முடிந்து லேபைத் திறந்த அன்று, டிவி ரிமோட்டுக்கு மேல்கூடு செய்யப் போகிற லோடில் அந்தப் பள்ளம் விழுந்தது. வாசலில் லாரி நின்றது. மாமா வந்து பார்த்தார். மிஷினில் குருணையை வைத்து அழுத்தும் இடத்தில் கடுகளவு வைரம் பதித்திருக்கும். பூஜையன்று யாரோ சரியாக அதன்மேலேயே சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். அவருக்கு அது போதும்.

“சந்தனத்ததான் மாப்ள காட்டுது. பச்சக் கயிறு கட்டி ஏத்தி வுடு.”

இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்பிரிட் தொட்டு வைரத்தைத் துடைத்தேன். எதுவும் வைக்காமல் ஓட்டினால் கோடு நேராகப் படுத்துக்கிடந்தது. வேறு மூட்டையில் குருணை எடுத்து, பிளேடால் வெட்டி, உள்பக்கத்தை வைத்தேன். அதே பள்ளம்.

“சந்தனம் குருணைக்குள்ள போயி உக்காந்துக்குச்சா மச்சான்?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்றார். லேபுக்கு வேறு ஆள் கிடைக்கும் என்றார். தங்கச்சி முகத்துக்காகத்தான் உன்னைச் சேர்த்தேன் என்றார். அதுதான் உறைத்தது. வேலை போனால் உங்கள் படிப்பு என்னாகும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நம் வீட்டு ரிமோட்டை எடுத்துப் பாருங்கள். மூலை முழுக்கச் சின்ன வயதில் நீங்கள் கடித்த பல் தடம்தான்.

எல்லா மூட்டைக்கும் சிவப்பே கட்டினேன்.

“நான் அவுக்கமாட்டேன் மச்சான். வேணும்னா நீங்களே அவுத்துக்குங்க. லோடு ஏத்துறவங்க பாத்துகிட்டுதான் நிக்கிறாங்க.”

அவர் ஒரு முடிச்சில் கை வைத்தார். லோடு ஏற்றுகிறவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். லாரி காலியாகவே திரும்பியது.

மறுநாள் என்னை அரைக்கும் ஷெட்டுக்குத் தள்ளினார்கள். போனேன். பெரிய லேப் என்ன சொன்னது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூட்டைகள் மட்டும் பொங்கல் வரை மூலையில் கிடந்தன, என் கயிறோடு.

மாமா வந்தால் மரியாதையாகக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அன்றைக்கு உங்கப்பன் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று சொன்னால், இன்றைக்கும் அப்பா சிவப்புதான் கட்டுவார் என்று சொல்லிவிடுங்கள்.