சாட்சிக் கையெழுத்து

என் மகன் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் பங்குச் சந்தைப் படங்களாகப் பார்த்தான். கண்ணாடிக் கட்டடத்தின் நாற்பதாவது மாடி, இரண்டு கையிலும் போன், கோட்டுப் போட்டவர்களின் கூச்சல், சாயங்காலம் ஒரு கார். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என் பிள்ளையை அந்தக் கோட்டுக்குள் வைத்துப் பார்த்ததும் உண்டு. பொய் சொல்வானேன்.

அவனுக்கு ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் நீளம். வேலை என்னவோ, வருகிறவர்களிடம் இன்சூரன்ஸ் விற்பது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போவான். தூசு படாமல் டையைப் பைக்குள் சுருட்டி வைத்து, வங்கி வாசலில் கட்டிக்கொள்வான். மாதத்துக்கு இத்தனை பாலிசி விற்றாக வேண்டும். மாதக் கடைசி நெருங்கினால் சோறு இறங்காது.

நான் கன்டெய்னர் கிடங்கில் டேலி கிளார்க். உள்ளே வரும் பெட்டியின் எண்ணையும், அதன் கதவுப் பூட்டின் எண்ணையும் காகிதத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பூட்டைக்கூட நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. கொட்டும் மழையிலும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான்தான் என் நண்பனை மகனிடம் அழைத்துப் போனேன். துறைமுகத்தில் கப்பல் மேல் ஏறி, பெட்டிகளை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலை பார்த்தவன். முட்டி போய் வேலையை விட்டபோது செட்டில்மென்ட் பணம் வந்தது. ஒரு வருடம் பத்திரமாக இருந்தால் போதும், மாடியில் மகளுக்கு ஓர் அறை கட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு.

"இன்னா நைனா, டையெல்லாம் கட்டிகினு சோக்கா கீற," என்றான் என் மகனிடம். "துட்டு அடுத்த வருசம் வேணும். மேல ரூம்பு போடணும். பார்த்து போட்டு வுடு."

"ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரிதான் மாமா. அதவிட நல்லாவே வரும்."

பென்சிலால் குறித்த இடங்களில் நண்பன் தமிழில் கையெழுத்துப் போட்டான். சாட்சி இடத்தில் நான் போட்டேன். படிக்கவில்லை. டை கட்டி உட்கார்ந்திருந்த என் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து நண்பன் ஒரு தடித்த உறையோடு வந்தான். "மாமு, கல்யாணப் பத்திரிகை கணக்கா இன்னாவோ வந்துகீது. படிச்சு சொல்லு."

படித்தேன். இன்சூரன்ஸ் பாலிசி. அதே தொகையை வருடாவருடம் பத்து வருடத்துக்குக் கட்ட வேண்டும். இடையில் நிறுத்தினால் பெரும்பகுதி போய்விடும். வேண்டாமென்றால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இன்னொரு பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

"வருசா வருசமா? முட்டியே இல்ல, எங்க போயி சம்பாரிக்கறது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அந்தப் படங்களில் பணம் போட்டவனின் முகத்தை ஒரு முறையும் காட்டியதில்லை.

மகன் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"மாசக் கடைசிப்பா. ஒண்ணு குறைஞ்சுது. எல்லாரும் இப்படித்தான் போடறாங்க."

"அவன் என்னை நம்பி வந்தவன்டா."

"நீதானே கூட்டினு வந்தே. நீதானே சாட்சிக் கையெழுத்தும் போட்டே."

"ஆமா. அதான் நாளைக்கு நானே வரேன்."

"கேன்சல் ஆனா என் வேலை போயிடும்பா."

"போவட்டும்." சொல்லிவிட்டு, கடிதம் எழுதத் தாளை எடுத்தேன்.

மறுநாள் நண்பனும் நானும், பாலிசி வேண்டாம் என்ற கடிதத்தோடு வங்கிக்குப் போனோம். மேனேஜர் என்னைவிடச் சின்னவர். "நல்ல பிளான் சார். உங்க பையனோட எதிர்காலத்தையும் கொஞ்சம் யோசிங்க."

"நல்ல பிளான்னா இந்தப் பக்கத்த இவனுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டு வேணும்னா வெச்சுக்கட்டும்."

நண்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "படி சார். எனக்கு இன்னா வேலையா வெட்டியா."

அவர் படிக்கவில்லை. என் மகனைப் பார்த்துத் தலையசைத்தார். மகன் கடிதத்தை வாங்கிக்கொண்டு, நகலில் ரப்பர் ஸ்டாம்பை வைத்து என் பக்கம் தள்ளினான். எடுத்துப் போய் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். திரும்பி வந்தேன்.

"தேதி தெரியல. இன்னொரு தபா போடு."

மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் மை தொட்டு, மேசை அதிர அழுத்தினான்.

கொஞ்சம் பிடித்தம் போகப் பணம் திரும்பி வந்தது. மாடியில் தூண்கள் எழும்பிவிட்டன. மகனை வேறு கிளைக்கு மாற்றினார்கள். வேலை போயிருந்தாலும் அந்தக் கடிதத்தைக் கொடுத்திருப்பேன். ஆனாலும் மாதக் கடைசி வந்தால் நானும் வாசல்வரை போகிறேன். அவன் ஸ்கூட்டரை எடுக்கும்போது கேட்கிறேன், "இன்னிக்கு யாருக்குப் படிச்சுக் காட்டப் போற?"

அவன் டையைப் பைக்குள் திணிக்கிறான். கேட்பதை நான் நிறுத்தப் போவதில்லை.