எதுக்கும் சார் உடம்பில் ஆர்செனிக்

கடைத்தெருவில் அவரை எல்லோரும் ‘எதுக்கும் சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். “எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்” என்று சொல்லாமல் அவர் எந்தக் காரியத்தையும் முடித்ததில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. லென்ஸ் ஒரு மயிரிழை பெரிதானால் ஃபிரேம் விரிசல் விடும். சிறிதானால் வாடிக்கையாளர் தும்மும்போது கழன்று மடியில் விழும். அவர் கையால் பொருத்திய லென்ஸ் எந்தத் தும்மலுக்கும் விழுந்ததில்லை. ஸ்குரூ கழன்றது என்று வந்தவரைக்கூட அவர் அப்படியே அனுப்பமாட்டார். இரண்டு காதுக் கம்பியையும் மடக்கி விரித்து, மூக்குப் பட்டையை நிமிர்த்தி, ஆளைத் தெருவில் நிறுத்தி எதிர்க்கடைப் பலகையை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் விடுவார்.

வீட்டிலும் இதே கதைதான். கேஸ் அடுப்பை மூன்று தடவை அணைப்பார். பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, இரண்டு மாடி இறங்கி, மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பார். அவர் மனைவி காத்திருப்பதில்லை. அதற்குள் பஸ் பிடித்துப் போயிருப்பார். அந்த அம்மாள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஊரார் எழுதியதை எல்லாம் சிவப்புப் பேனாவோடு படித்துப் படித்து, ஒரு வரியில் எது இருக்கிறது என்பதைவிட எது விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் அவர் கண்ணில் முதலில் படும்.

இவ்வளவு ஜாக்கிரதையான மனிதருக்கு ஒரே ஒரு இடத்தில்தான் பலவீனம். இறால்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய வலது கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியது. யூரிக் அமிலம் என்றார் டாக்டர். இறால், நண்டு, ஈரல் மூன்றும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

“கவலையே படாதீங்க டாக்டர். இனிமே எங்க வீட்டுக்குள்ள அந்த வாசனையே வராது” என்றார் மனைவி.

வரவும் இல்லை. அந்த விஷயத்தில் எதுக்கும் சாரும் வாக்குத் தவறவில்லை. வீட்டுக்குள் அவர் இறாலைத் தொடவே இல்லை. தொட்டதெல்லாம் கடைக்குப் பின்சந்தில். அங்கே ஒருவர் இரும்புச் சட்டியில் இறால் வறுத்து விற்பார். சாயங்காலம் ஐந்தரைக்கு எதுக்கும் சார் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிடுவார். பிறகு கடைக்குத் திரும்பி, லென்ஸ் துடைக்கிற திரவத்தில் கையைக் கழுவி, இரண்டு கிராம்பை மென்றுகொண்டு வீட்டுக்குக் கிளம்புவார். மாதத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, வாரத்துக்கு மூன்று என்று வளர்ந்திருந்தது.

அப்போதுதான் சுகாதாரத் துறையிலிருந்து கணக்கெடுப்பு வந்தது. சாதாரண ஜனங்களின் சாப்பாட்டு வழியாக உடம்புக்குள் ஆர்செனிக் என்கிற விஷப்பொருள் எவ்வளவு போகிறது என்று பார்க்க முந்நூறு வீடுகளைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்களாம். அதில் இவர்கள் வீடும் ஒன்று. நர்ஸ் ஒருத்தி பையோடு வந்தாள். சுறுசுறுப்பான பெண், மூச்சு விடாமல் பேசினாள்.

“பயப்படாதீங்க சார். ஆர்செனிக் மண்ணுலயே இருக்கறதுதான். தண்ணி, அரிசின்னு எல்லாத்துலயும் துளித்துளி வரும். எவ்வளவுன்னு பாக்கறோம், அவ்வளவுதான்.”

ஆளுக்கொரு டப்பா கொடுத்தாள். நான்கு நாளைக்கு என்ன சாப்பிட்டாலும் அதே அளவு இன்னொரு பங்கு டப்பாவில் போட வேண்டும். தட்டில் இரண்டு கரண்டி விழுந்தால் டப்பாவிலும் இரண்டு கரண்டி. ஐந்தாம் நாள் காலையில் சிறுநீர் பிடித்துத் தர வேண்டும்.

அப்புறம் பெரிய படிவம் ஒன்றை விரித்து, பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி ஒரே ராகத்தில் படித்தாள். “அரிசி? பால்? முட்டை? காளான்? மீன்? இறால்? நண்டு?”

முட்டை வரை தலையாட்டிய எதுக்கும் சார், “இல்ல, இல்ல, இல்ல, இல்ல” என்றார். காளானுக்கும் சேர்த்து இல்லை என்று சொல்லிவிட்டார். மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த நான்கு நாளும் வீட்டில் நான்கு பேர் சாப்பிட்டார்கள். இரண்டு மனிதர்கள், இரண்டு டப்பாக்கள். “டப்பாவுக்குப் போட்டாச்சா?” என்று எதுக்கும் சார் ஒரு வேளைக்கு ஐந்து முறை கேட்டார். காபியில் மூன்று வாய் மிச்சம் வைத்தபோது டப்பாவிலிருந்தும் மூன்று வாய் எடுக்கப் பார்த்தார்.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?” என்றார் மனைவி.

ஆனால் ஐந்தரை மணித் தட்டுக்கு ஜோடித் தட்டு எந்த டப்பாவுக்கும் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சிறுநீரில் மொத்த ஆர்செனிக், லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்: மனைவிக்கு முப்பத்தொன்று, அவருக்கு நானூற்றுப் பன்னிரண்டு. கீழே இரண்டு வரி. ‘தங்கள் டப்பாவில் இருந்த உணவில் இதற்கான காரணம் எதுவும் தென்படவில்லை. வகை பிரித்துப் பார்க்கும் பரிசோதனைக்கு மாதிரி பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. மறு மாதிரி ஒன்று தேவை.’

எதுக்கும் சார் அன்றைக்கே நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் வந்து குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள். பல்பொடி, கால்வலி மாத்திரை எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். எதிலும் ஒன்றும் இல்லை.

மனைவியின் தம்பி நீதிமன்றத்தில் குமாஸ்தா. நாள் முழுக்க வழக்குக் கட்டுகளைப் புரட்டுகிறவன் ஆனதால் எதைப் பார்த்தாலும் அவனுக்கு வழக்காகத்தான் தெரியும். கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, எதுக்கும் சாரைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“மச்சான், நல்லா யோசிங்க. டப்பாவுல இல்ல. உங்க உடம்புல இருக்கு. அக்கா உடம்புல இல்ல. அப்போ டப்பாவுக்குப் போகாத ஏதோ ஒண்ணு உங்க வாய்க்கு மட்டும் போகுது.”

“என்னப்பா சொல்ற? உங்க அக்காவையா?”

“நான் யாரையும் சொல்லல. வீட்ல யாரு சமைக்கிறாங்கன்னு மட்டும் கேக்கறேன்.”

“கூடப் பொறந்தவன் பேசற பேச்சா இது?”

“கூடப் பொறந்தவன்கிறதாலதான் சொல்றேன். சின்ன வயசுல என் பம்பரத்த மிதிச்சு உடைச்சவ அவ. எதுக்கும் ஒரு நாலு நாள் வெளிய சாப்பிடுங்க.”

அவன் வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் எதுக்கும் சார் திட்டி அனுப்பியிருப்பார். ‘எதுக்கும்’ என்று சொல்லிவிட்டானே! மனைவியை அவர் சந்தேகப்பட்டாரா என்றால், இல்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டோம் என்று தெரிந்தும் போய்ப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

மறு மாதிரிக்கு முந்தைய நான்கு நாளும் காலையில் வயிறு சரியில்லை என்றார். ராத்திரி பசியில்லை என்றார். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே கடை முதலாளியிடம் நீட்டினார். அவருடைய வாழ்க்கையில் இதைவிட வெட்கக்கேடான காரியம் இல்லை. முதலாளி ருசித்துச் சாப்பிட, இவர் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலை கிலை சுத்துதா முதலாளி?”

“ஏன்யா? உப்புகூட சரியா இருக்கே!”

வெளியில் சாப்பிடுவதென்றால் எங்கே சாப்பிடுவது? பழகின இடம் ஒன்றுதான். முன்பு வாரத்துக்கு மூன்று தட்டு. இப்போது நாளைக்கு இரண்டு. உயிர் பிழைக்கத்தானே சாப்பிடுகிறோம் என்று நினைத்ததில் குற்ற உணர்ச்சியும் இல்லை. இந்த இரண்டு வருடத்தில் இறால் அவ்வளவு ருசித்ததே இல்லை.

அடுத்த கடிதத்தில் எண் எண்ணூற்றுத் தொண்ணூறு.

அன்றைக்குக் கடிதத்தை முதலில் பிரித்தது மனைவி. அச்சகத்தில் தன் மேஜையில் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு அடியில் அளவுகோலை வைத்துப் படித்தார். ‘டப்பாவில் இருந்த உணவில் காரணம் தென்படவில்லை.’ தம்பி பார்த்த அதே வரிதான். அவர் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தது. டப்பாவில் இல்லாத எதையோ இந்த மனிதர் தானாகவே தின்றிருக்கிறார். நான்கு நாள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை; எண் இரண்டு மடங்காகிவிட்டது. அப்படியானால் விஷயம் வீட்டில் இல்லை.

நர்ஸுக்குப் போன் போட்டார். “ஏம்மா, அன்னிக்குப் படிவத்துல மீன், இறால், நண்டுன்னு கேட்டியே. அது எதுக்கு?”

“அதுவாம்மா? ஆர்செனிக்ல வகை இருக்கு. மீன், இறால்ல இருக்கறது பெரும்பாலும் உடம்ப ஒண்ணும் பண்ணாத வகை. ரெண்டு மூணு நாள்ல சிறுநீரோட போயிடும். ஆனா மொத்தமா எண்ணும்போது அதுவும் சேர்ந்து வரும், எண்ணு எகிறிடும். சார்தான் சாப்பிடறதே இல்லன்னுட்டாரே, அதனாலதான் நாங்க மண்டையப் பிச்சிக்கறோம்.”

“நீ பிச்சிக்காத. நான் பாத்துக்கறேன்” என்று போனை வைத்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனார். எதுக்கும் சார் இல்லை. முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார்.

“அம்மா, என்ன கைப்பக்குவம்மா உங்களுக்கு! போன வாரம் நாலு நாளும் உங்க சாப்பாடுதான் எனக்கு. பாவம் சார், தான் சாப்பிடாம கொடுத்துட்டு, ஒவ்வொரு வாய்க்கும் ‘தலை சுத்துதா, நெஞ்சு எரியுதா’ன்னு அப்படி ஒரு அக்கறையா விசாரிச்சாரு.”

அந்த அம்மாளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு எல்லாம் புரிந்தது. கணக்கெடுப்பு டப்பா ஒன்று அவர் பையில் இருந்தது. நர்ஸ் கூடுதலாகக் கொடுத்திருந்ததைத் திருப்பிக் கொடுப்பதற்காக வைத்திருந்தார். இறால் வறுபடும் வாசனையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று பின்சந்துக்குப் போனார்.

எதுக்கும் சார் மூன்றாவது இறாலின் வாலைப் பிடித்தபடி நிமிர்ந்தார். வாலும் கையும் அப்படியே நின்றன.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து வறுப்பவரிடம் நீட்டினார். “சார் சாப்பிட்ட அளவு இதுலயும் போடுங்க. விட்டுப்போச்சு.”

“எவ்வளவுங்க?” என்று வறுப்பவர் அப்பாவியாகக் கேட்டார். “ரெண்டு வருஷத்துக்கும் போடணுமா?”

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே வந்ததும் அந்த அம்மாளின் குரல் உடைந்தது.

“இறாலுக்கு நான் கோவப்படல. அது உங்க கால், வீங்கினா நீங்கதான் கத்துவீங்க. நான் உங்களுக்கு விஷம் வைப்பேன்னு நினைச்சீங்களா?”

“ஐயோ, நினைக்கவே இல்லம்மா. எது...”

“அந்த வார்த்தை வாயிலேருந்து வந்துச்சு, இந்த டப்பாவ இங்கயே உங்க தலைல கவுத்துடுவேன்.”

அவர் டப்பாவை ஒரு பார்வை பார்த்தார். “தப்புதான்” என்றார். அவருடைய அகராதியில் அது புதுச் சொல். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னித்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை.

இரண்டாம் நாள் கட்டைவிரல் வீங்கிவிட்டது. எட்டுத் தட்டு இறாலுக்கு அது மரியாதையாகவே வீங்கியது. ஒரு வாரம் லீவு போட்டு, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். மனைவி மூன்று வேளையும் தட்டைக் கொண்டுவந்து வைப்பார். ஒவ்வொன்றிலும் முதல் வாயை அவரே எடுத்துச் சாப்பிடுவார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் நிற்பார். “உயிரோடதான் இருக்கேன். நீங்க சாப்பிடலாம்” என்பார். பார்க்க வந்த தம்பிக்கும் அதே உபசாரம்தான். யோசனை யாருடையது என்று தெரிந்துபோயிருந்ததால் அவனுக்கு மட்டும் ஐந்து நிமிடம்.

வார முடிவில் நர்ஸ் வகை பிரித்த அறிக்கையோடு வந்தாள்.

“சார் தப்பிச்சுட்டாரு. அவ்வளவும் இறால் வகைதான், கெடுதல் இல்ல. கவனிக்க வேண்டிய வகை அவருக்கு எட்டுதான் இருக்கு.” பிறகு கொஞ்சம் தயங்கினாள். “அம்மாவுக்குத்தான் பதினெட்டு.”

“எனக்கா?”

“பயப்படற அளவு இல்லம்மா. ஆனா குறைச்சுக்கலாம். மூணு வேளையும் அரிசியா?”

மூன்று வேளையும்தான். அதுவும் தவிடு நீக்காத அரிசி. ஆரோக்கியப் புத்தகம் ஒன்றைப் பிழை திருத்தியபோது அதில் படித்து, கணவருக்காக வாங்க ஆரம்பித்தது. கணவர் முனகிக்கொண்டு பாதிதான் சாப்பிடுவார். மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் அந்த அம்மாள் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

“தவிட்டுலதான் ஆர்செனிக் அதிகமா தங்கும்” என்றாள் நர்ஸ். “ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு நல்ல தண்ணி வெச்சு, வேகவெச்சு வடிச்சிடுங்க. முழுசா போகாது, ஆனா நல்லா குறையும். கொஞ்சம் சத்தும் கூடவே போகும், அதனால காய் சேர்த்துக்கோங்க. ஒரு வேளைக்கு கோதுமையோ வேற தானியமோ மாத்திக்கோங்க.”

நர்ஸ் போன பிறகு அந்த அம்மாள் அளவுகோலை வைத்து அறிக்கையை வரி வரியாகப் படித்தார். அதில் பிழை ஒன்றும் இல்லை. எதுக்கும் சார் இப்போது ஒரு வார்த்தை சொல்லிக் குத்திக்காட்டியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தான் தட்டில் ஒதுக்கியதை எல்லாம் யார் சாப்பிட்டது என்று நினைத்ததும் அதை விழுங்கிக்கொண்டார்.

ஸ்டூலை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டிச் சமையலறைக்குப் போனார். பெரிய பாத்திரத்தை எடுத்தார். ஒரு டம்ளர் அரிசி, ஆறு டம்ளர் தண்ணீர். ஆறாவது டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, விளிம்பை லென்ஸ் பார்ப்பதுபோல் பார்த்து ஊற்றினார். வடிக்கும்போது பாதிச் சோறு கஞ்சியோடு தொட்டிக்குள் போய்விட்டது. மிஞ்சியது களியாக இருந்தது.

மனைவி வாசற்படியில் வந்து நின்று பார்த்தார். “என்ன பண்றீங்க?”

“சோறு வடிக்கிறேன்.”

“அது சோறா?”

“நாளைக்கு நல்லா வரும்” என்றார் அவர். “நீ போய் உக்காரு. கொண்டாறேன்.”

அந்த அம்மாள் போய் உட்கார்ந்தார். தட்டு வந்தது. ஒரு வாய் எடுத்து வைத்து, முகத்தைச் சுளித்து, முழுங்கினார். பிறகு உப்பு டப்பாவை எட்டி எடுத்துக்கொண்டு, “ஊறுகாய் இருந்தா எடுத்துட்டு வாங்க” என்றார்.