இடது வளைவில் அலறிய கார்

என் பழைய அம்பாசிடரை இடது பக்கம் ஒடித்தால் போதும், ஹாரன் தானாக அலறும். ஃபியூஸை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், கடைசியில் ஹாரனையே மாற்றினேன். புது ஹாரன் முன்னைவிடச் சத்தமாக அலறியது.

அந்த எரிச்சலோடுதான் கல்வராயன் மலையில் ஒரு கல்யாணத்துக்கு மனைவியுடன் கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் ஒவ்வொரு இடது வளைவிலும் அதே அலறல்.

"இன்னாங்க இது, காதே போவுது!" என்றாள் மனைவி.

"அடுத்த வளைவு தாண்டினதும் நிறுத்தி, ஒயரையே புடுங்கிப் போட்டுடறேன்" என்று கத்தினேன்.

அந்த வளைவில் வண்டி அலறிக்கொண்டே திரும்பியது. எதிரே, எங்கள் பாதையையும் அடைத்தபடி ஒரு பேருந்து நின்றிருந்தது. பிரேக்கை மிதித்தேன்.

ஓட்டுநர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "உங்க ஹாரன் கேட்டுதான் சார் நிறுத்தினேன். இப்பல்லாம் வளைவுல யாரு அடிக்கிறாங்க? நீங்க கரெக்டா அடிச்சிக்கினு வந்தீங்க."

நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

"அவரு எங்கங்க அடிச்சாரு? வண்டிதான் அடிச்சுது" என்று மனைவி போட்டு உடைத்தாள்.

மறுநாள், ஸ்டியரிங் தண்டுக்குள் உரசித் தோலுரிந்து கிடந்த ஒயரைக் கண்டுபிடித்து டேப் சுற்றினேன். கார் இப்போது வாயே திறப்பதில்லை. வளைவு வந்தால் நான்தான் அடிக்கிறேன்.