பதினாறு கிலோ கிளட்ச்

நான் கார் ஓட்டப் பழகியது முப்பத்தெட்டாவது வயதில். ஐந்தாம் நாள் பாடம். நான்கு சாலை கூடும் இடத்தில் விளக்கு பச்சைக்கு மாறியதும் கிளட்சை வெடுக்கென்று விட்டுவிட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி சாவியைத் திருப்பினேன், மறுபடி நின்றது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். கண்ணில் நீர் முட்டிவிட்டது. பக்கத்தில் இருந்த அண்ணி கதவைத் திறந்தார். கீழே இறங்கி, முன்மூடியைத் தூக்கி நிறுத்தி, உள்ளே எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். "வண்டி கோளாறுங்க, சுத்திப் போயிடுங்க" என்று பின்னால் கை காட்டினார். ஹாரன் அடங்கிவிட்டது.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறெல்லாம் என் காலில்தான். மூடியைச் சாத்திவிட்டு ஏறி உட்கார்ந்து, "அவசரமே இல்ல. மெதுவா விடு" என்றார். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்தப் பொய்யை ஆண்டவன் பொய்யாக எடுத்திருக்க மாட்டான் என்பது என் நம்பிக்கை.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. ஓட்டுநர் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தவர். பள்ளி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர்கள் தப்பு செய்யும்போதெல்லாம் அண்ணியின் இடது கால்தான் ஓடிப்போய் அமுக்கும். அப்படி அமுக்கி அமுக்கி இடது முட்டி தேய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் படி இறங்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். கேட்டால், "படிக்குத்தான் வலி, எனக்கில்ல" என்பார்.

அவருக்கென்று ஒரு வண்டி இருந்தது. சாம்பல் நிறம், பழையது, சின்னது. அதற்கு ஒன்பது வருடமாகச் செய்யாத சீர் இல்லை. கடைசியில் டர்போ பூட்டினார். புகைப்போக்கியில் வரும் புகையின் வேகத்தைக் கொண்டே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சாமான் அது. பூட்டிய பிறகு வண்டிக்கு இரண்டு மடங்கு பலம். பார்க்கப் பூனை மாதிரி இருக்கும், மிதித்தால் புலி. வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களின் தடுமாற்றத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அண்ணிக்கு, ஏழாம் நாள் இந்த வண்டிதான்.

ஒரு நாள் சிமெண்ட் ஆலை மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கருகிய நாற்றம். கிளட்ச் வழுக்குகிறது என்று எனக்கே புரிந்தது. போட்டு ஏழு மாதம்கூட ஆகாத புது கிளட்ச்.

பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். அதே பட்டறையின் ஒரு மூலையில்தான் நான் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிறேன். அதனால் நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, மோந்து பார்த்து, தீர்ப்பு சொல்லிவிட்டார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. லேடீஸ் காலு கிளட்ச் மேலேயே உக்காந்திருக்கும். அதான் தேஞ்சிருக்கு."

என் கையில் ஊசி அப்படியே நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கான பேரிடம் 'கால எடு, கிளட்ச் மேல இருந்து கால எடு' என்று தொண்டை வறளச் சொன்ன மனுஷியிடம் இப்படி ஒரு பேச்சா?

அண்ணன் அதையே பிடித்துக்கொண்டார். "அதுக்குத்தான் சொல்றேன். உன் முட்டிக்கும் இந்த வண்டிக்கும் ஒத்துவராது. கண்ணாடிக்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார். கனமான கிளட்ச் ஒண்ணு போட்டு அவர்கிட்ட தள்ளிவிட்டுடலாம்." கண்ணாடிக்காரர் என்பவர் அந்த வண்டி மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவர். வெயில் இல்லாவிட்டாலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்.

"கியர்பெட்டிய இறக்குங்க முதல்ல. உள்ள பாக்காமலே பேசுறீங்களே, ஜோசியமா?" என்றார் அண்ணி.

கியர்பெட்டியை இறக்கினார்கள். உள்ளே இருந்த கிளட்ச் தட்டை எடுத்து மேசையில் வைத்ததும் அண்ணி என் தையல் விளக்கைக் கேட்டு வாங்கினார். தட்டு கண்ணாடி போலப் பளபளத்தது. அது உராய்கிற சக்கரத்தில் அங்கங்கே நீலத் திட்டுகள். பிறகு, மிதியை அமுக்கும்போது தட்டை விலக்கிவிடுகிற பேரிங்கைக் கையில் எடுத்துச் சுழற்றினார். ஒரு கரகரப்பு இல்லை. பட்டு மாதிரி ஓடியது.

"என் காலு கிளட்ச் மேலேயே இருந்திருந்தா முதல்ல செத்திருக்க வேண்டியது இந்த பேரிங். இது புதுப்பொண்ணு மாதிரி இருக்கு. தட்டு மட்டும் கருகியிருக்கு. இது ஒரே நாள்ல சூடேறிக் கருகினது. புதுசா இருக்கறப்பவே யாரோ போட்டு வதைச்சிருக்காங்க." தலையை நிமிர்த்தினார். "மாட்டின அன்னிக்கு நான் ஸ்கூல்ல இருந்தேன். வண்டி யார் கையில இருந்துச்சு?"

மெக்கானிக் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பாத்தோம், டீச்சர்" என்றார் மெக்கானிக் கடைசியில்.

"ஒண்ணா?"

"ஒரு... பத்து, பன்னெண்டு. சாரோட நண்பர்கள் வந்திருந்தாங்க."

பட்டறைகளில் இது வழக்கமாம். புது கிளட்ச் மாட்டினால் அன்றைக்கே எஞ்சினை முழுக்க முறுக்கி, படாரென்று விட்டு, டயரில் புகை கிளப்பிக் காட்டினால்தான் மாட்டினவருக்குப் பெருமை. புதுத் தட்டு சக்கரத்தோடு படிந்து உட்கார, நகரத்துக்குள் ஒரு ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது கிளட்ச் வந்த டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த டப்பாவில் நான் ஊசி போட்டு வைத்திருந்தேன். படித்ததில்லை.

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நீங்க பண்ணினதுக்கு என் காலத் திட்டினீங்களே" என்று அண்ணனிடம் மட்டும் சொன்னார். பிறகு, "வண்டிய விக்கற பேச்சு இனிமே கிடையாது. நான் பாத்து எடுக்கற கிளட்ச், என் காலு, அதே மேடு. மூணாவது கியர்ல முழுசா மிதிச்சு, வழுக்காம ஏத்திக் காட்டறேன். வழுக்கினா சாவிய நானே கண்ணாடிக்காரர் கையில குடுக்கறேன்" என்றார். அண்ணனால் வேறென்ன சொல்ல முடியும்? சரியென்றார்.

அன்று சாயங்காலம் குளியலறையில் இருந்த எடை பார்க்கும் மிஷினை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து இடது காலால் அதை அமுக்கினார். நான் எண்ண வேண்டும். இருபத்தைந்து கிலோ வரை அமுக்கினால் நாற்பதாவது தடவையில் முட்டி வீங்கியது. இருபதில் எழுபது தாண்டியது. மறுநாள் காலை பதினாறில் ஆரம்பித்தோம். நூறு, இருநூறு, முந்நூறு. எனக்கு எண்ணி எண்ணி வாய் வலித்ததே தவிர அவருக்குக் கால் வலிக்கவில்லை.

"ஊருக்குள்ள ஒரு நாளைக்கு இவ்வளவுதான் மிதிப்பேன். பதினாறு. அதுக்கு மேல ஒரு கிலோ வேண்டாம்."

உதிரிபாகக் கடைக்கு நானும் கூடப் போனேன், எடை மிஷினைச் சுமந்துகொண்டு. கடைக்காரர் கேட்குமுன்பே ஒன்றை எடுத்து மேசையில் தொப்பென்று வைத்தார். வட்டத் தட்டுக்குப் பதில் நட்சத்திரம் மாதிரி ஆறு இதழ், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பீங்கான் வில்லை.

"இதவிடப் பெரிசு கிடையாதும்மா. எஞ்சின் முறுக்கு விசை ஐந்நூறு வரைக்கும் தாங்கும். ரேஸ்காரங்க எல்லாம் இதான்."

"என் வண்டி முறுக்கு இருநூத்தி அறுபது." எஞ்சினை அளந்து கொடுத்த காகிதத்தைப் பிரித்து வைத்தார். "ஐந்நூறு எனக்கு எதுக்கு? மிச்சத்த யார் தலையில கட்டறது? இது பிடிச்சா கப்புனு பிடிக்கும், இல்லனா விட்டுரும், நடுவுல ஒண்ணும் கிடையாது. சிக்னல்ல தவளை மாதிரி குதிச்சுக்கிட்டா போறது?"

"அப்ப எதத்தான் கேக்கறீங்க?"

"முன்னாடி போட்டது. முழு வட்டத் தட்டு, முந்நூத்தி நாப்பது தாங்கறது. அதுக்கான பிரஷர் பிளேட்டோட."

"அதுதானேம்மா போயிடுச்சு!"

"போகல. கொன்னாங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். தட்டைச் சக்கரத்தோடு அமுக்கிப் பிடிக்கிற அந்த பிரஷர் பிளேட்டிலேயே ஸ்பிரிங் பலத்தில் இரண்டு வகை இருந்தன. கடையில் வைத்துத் தட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மிதியில் வரும் கனத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணி. கடைக்குப் பின்பக்கம் நின்ற அதே ஜாதி வண்டி ஒன்றில் கனமான வகை மாட்டியிருந்தது. எடை மிஷினை மிதியின் மேல் வைத்து அதன் மேல் காலை அமுக்கினார். இருபத்திரண்டு. பக்கத்துத் தெருவில் மற்ற வகை மாட்டிய வண்டி ஒன்று வாடகைக்கு ஓடியது. அந்த ஓட்டுநரைக் கெஞ்சி அதையும் அளந்தோம். பதினாறுக்கு ஒரு முடி கீழே.

"கிளட்ச் வாங்கறீங்களா, கத்திரிக்கா வாங்கறீங்களா?" என்று சிரித்தார் அந்த ஓட்டுநர்.

"கத்திரிக்கா சொத்தையா இருந்தா வீசிடலாம். முட்டிய எங்க வீசறது?"

மாட்டும்போது அண்ணி பள்ளிக்கு விடுப்பு போட்டு மெக்கானிக் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நீலம் பாய்ந்த சக்கரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சீவ வைத்தார். வேலை முடிந்ததும் மெக்கானிக்கின் கை பழக்கத்தில் சாவிக்குப் போனது. அண்ணி அதற்கு முன்பே சாவியை இடுப்பில் செருகிவிட்டார்.

பிறகு ஒரு மாதம் அந்த வண்டியை ஓட்டினார் பாருங்கள், ஊரே சிரித்தது. புலி எறும்பு மாதிரி ஊர்ந்தது. கடைக்குப் போவார், சுற்றி வருவார், நிறுத்துவார், எடுப்பார். சைக்கிளில் போன ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அக்கா, தள்ளிவிடவா?" என்றார். கண்ணாடிக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து, "பயந்துட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். "நாநூத்தி பத்து கிலோமீட்டர் பாக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணி கதவைச் சாத்தினார். அண்ணன் நடுவில் ஒருமுறை, "இன்னிக்கே ஒரு தடவ ஏறிப் பாத்துடலாமே" என்றார். அண்ணி பார்த்த பார்வையில் அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆயிரம் முடிந்த மறுநாள் காலை மேட்டுக்குப் போனோம். முன்னால் அண்ணன், பின்னால் நானும் கண்ணாடிக்காரரும். மெக்கானிக் மேலே போய் நின்றுகொண்டார். நான் கண்ணை மூடி மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். இந்த வண்டி போனால் அண்ணிக்கு ஏழாம் நாள் என்று ஒன்று இருக்காது.

"கண்ணத் திற. வேண்டறத கண்ணத் திறந்துகிட்டே வேண்டு. அந்த ரெண்டு முள்ளையும் பாரு" என்றார் அண்ணி.

மூன்றாவது கியர். மிதித்தார். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. நான் தைத்த உறைதான், தையல் விடவில்லை. எஞ்சின் முள் ஏறியது. கூடவே வேக முள்ளும் ஏறியது. ஒன்றை விட்டு ஒன்று ஓடவில்லை. மேட்டின் பாதியில் வேண்டுமென்றே நிறுத்தினார். அந்தச் செங்குத்தில், ஒரு விரல்கடை பின்னால் உருளாமல் மறுபடி எடுத்தார். கருகல் நாற்றம் துளியும் இல்லை. மெக்கானிக் நின்ற இடத்தைத் தாண்டித்தான் நிறுத்தினார். அவர் புழுதியைத் தட்டிக்கொண்டு ஓடி வந்து, "டீச்சர், இனிமே புது கிளட்ச் மாட்டினா நான் சாவியத் தொடமாட்டேன்" என்றார்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். அன்றுதான் அவர் கண்ணைப் பார்த்தேன், பாவம், சாதுவான கண். "இப்ப விலை இன்னும் கூடவே தரேன் மேடம்."

"இறங்குங்க சார். நான் இன்னொரு ரவுண்டு போகணும்."

அண்ணன் இறங்கவில்லை. முன்னால் பார்த்தபடி, "தப்பு என் மேலதான்" என்றார். "தெரியும். பெல்ட்டப் போடுங்க" என்றார் அண்ணி.

முட்டி அன்றைக்கு வலிக்கவே இல்லை என்று எழுதினால் பொய். ராத்திரி ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டார். ஆனால் சாவி அவரிடமே இருந்தது.

அதன் பின் நான்கு வருடம் அந்த கிளட்ச் ஓடியது. பெண்களுக்குப் பேருந்து ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலை அண்ணிக்குத் தொலைவில் கிடைத்து, இருவரும் குடிபெயர்ந்தார்கள். சாமான் எல்லாம் லாரியில் போனது, அண்ணி சாம்பல் வண்டியில். அங்கே போன இரண்டாம் வருடம் அண்ணி காய்ச்சலில் போய்விட்டார். அவர்கள் கிளம்பியபோது வாசலில் வண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற அந்தக் காலைதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. "அவ்வளவு தூரம் முட்டி தாங்குமா அண்ணி? நான் தினமும் உங்களுக்காக வேண்டிக்கறேன்" என்றேன். கியரைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"என் முட்டிய நான் பாத்துக்கறேன். நீ வேண்டறதுன்னா, ரோட்டுல எனக்கு முன்னாடி போறவங்களுக்காக வேண்டிக்க."