கன்னியம்மாள் போட்ட கடைக்கால்

பஞ்சாலைத் தொழிலாளி பக்கிரி மஞ்சள்காமாலையில் செத்துப்போனபோது கன்னியம்மாளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளை இல்லை. காரியம் முடிந்த கையோடு, பக்கிரியின் அண்ணன் வடிவேல், இருவருக்கும் பொதுவான கருவடிக்குப்பத்து மனை முழுவதையும் சுற்றி முள்வேலி போட்டான். கன்னியம்மாள் விடவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வந்து நிறுத்தினாள். வடக்குப் பாதி அவளுக்கு என்று அவர்கள் தீர்த்துவிட்டுப் போனார்கள்.

வடிவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "எடம் அவளுக்குத்தான், கட்டிக்கட்டும். எந்தக் கொத்தனாரு கரண்டியத் தூக்கினு வர்றான்னு நானும் பாக்குறேன்."

வெறும் பேச்சல்ல. அந்தப் பக்கத்துக் கொத்தனார்களுக்கெல்லாம் அவன்தான் மேஸ்திரி. முருகையன் ஒருவன் மட்டும் துணிந்து வருகிறேன் என்றான். மறுநாள் அவனுடைய தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் கிணற்றுக்குள் கிடந்தன. அதன்பிறகு அவன் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போனான்.

கன்னியம்மாள் அப்போது தட்டாஞ்சாவடியில் சிமெண்ட் கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்தாள். பட்டறைக்காரர் பெயர் எதுவார்; பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். அச்சிலிருந்து எடுக்கும்போது முனை உடைந்த கற்களை அவளுக்கே கொடுத்துவிட்டார். மாட்டுவண்டியில் ஏற்றி வந்து மனையில் இறக்கினாள்.

வருஷக்கணக்காய்ச் சித்தாள் வேலை பார்த்தவளுக்குக் கலவை பதம் தெரியும். கல் வைக்கத் தெரியாது. கடைக்காலுக்குப் பள்ளம் வெட்டி, ஜல்லி போட்டு இடித்து, நூல் கட்டி அவள் எழுப்பிய முதல் சுவர் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. தெரு சிரித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் வடிவேலின் பெண்டாட்டி ஆயம்மா உரக்கச் சொன்னாள்: "பொம்பள போட்ட கடைக்காலு, மொத மழைக்கே உக்காந்துடும்."

கன்னியம்மாள் சுவரைப் பிரித்தாள். கற்களில் ஒட்டிய கலவையைச் சுரண்டிவிட்டு மறுபடி அடுக்கினாள். வேலை இல்லாத நாட்களிலெல்லாம் இதே வேலைதான். விரல் இடுக்குகளில் சிமெண்ட் தின்று தோல் வெடித்தது. மூன்று பக்கம் இடுப்பளவுக்கு எழும்பியது. இந்த முறை நேராக நின்றது.

அதைத்தான் வடிவேலால் பொறுக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் வேலியைத் தாண்டி வந்து, நாலாவது பக்கத்துக்கு அப்போதுதான் வைத்த மூலைக் கற்களைக் காலால் எட்டி உதைத்தான். ஈரக் கலவையோடு கற்கள் பள்ளத்தில் சரிந்தன.

"போய் எவனயாச்சும் கட்டிக்கினு ஊரு போய்ச் சேரு. எந் தம்பி எடத்துல ஒனக்கு இன்னாடி வேல?"

அதுவரைக்கும் அவனை "மாமா" என்றே கூப்பிட்டு வந்தவள், "டேய் வடிவேலு" என்றாள். அடுத்த நொடி கையிலிருந்த பாண்டுச் சட்டிக் கலவையை அவன் முகத்தில் வீசினாள்.

அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு மண்ணில் உருண்டான். ஆயம்மா அலறிக்கொண்டு ஓடி வந்து, பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பீப்பாயை நோக்கிப் பாய்ந்தாள். கன்னியம்மாள் குறுக்கே நின்றாள்.

"அது கலவைக்கு வச்ச தண்ணி. ஒங்க வூட்டுத் தண்ணிய எடுத்துக்கினு வா."

ஆயம்மா தன் வீட்டுக்கு ஓடிப்போய்க் குடத்தைக் கொண்டு வருவதற்குள் சிமெண்டுக் காரம் இடது கண்ணைத் தின்றுவிட்டது. போலீஸ் வந்து கன்னியம்மாளைக் கூட்டிப்போனது. ஸ்டேஷனில் உட்கார வைத்துத் திட்டினார்கள். வடிவேல் முதலில் கற்களை உதைத்துத் தள்ளியதைத் தெருவே பார்த்திருந்ததால் வழக்கு நிற்கவில்லை. திரும்பி வந்த அன்றே பள்ளத்தில் இறங்கிச் சரிந்த கற்களைப் பொறுக்கினாள். அந்தக் கண்ணைப் பற்றி அவள் யாரிடமும் வருத்தப்பட்டதில்லை. "ஒதச்ச காலுக்கு ஒண்ணும் ஆவலயே" என்று மட்டும் ஒருமுறை சொன்னாளாம்.

1979 மழைக்கு முன் அவள் தன் வீட்டில் குடியேறினாள். ஒற்றைக் கண்ணோடு நூல் பார்க்க முடியாமல் வடிவேலின் மேஸ்திரி வேலை கைவிட்டுப் போனது. அவன் வீட்டுச் சாக்கடையை அவளுடைய சுவரோரமாகத் திருப்பிவிட்டான். அவள் மண் கொட்டி அடைத்தாள். அவன் வெட்டிவிட்டான். வருஷக்கணக்காக இதுவே நடந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை.

1986-ல் வடிவேல் செத்தபோது கன்னியம்மாள் முறைக்காக மாலை வாங்கிக்கொண்டு போனாள். ஆயம்மா வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள வராத."

தெருவிலிருந்தவர்கள் சமாதானம் செய்ய எழுந்தார்கள். கன்னியம்மாள் அவர்களைப் பார்த்துக் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். மாலையை வாசல் பந்தல் கீற்றில் மாட்டிவிட்டு, தன் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, பட்டறைக்கு வேலைக்குப் போனாள்.